சிமியோனின் பற்றறியைக் குடித்தவர்

கொழும்புத்துறைச் சிமியோனின் பற்றறி ஒரே கிழமையில் மூன்று தரம் சாவகச்சேரிக்குப் போய் வந்தது. வாங்கின கடை அங்கேதான், பழுதானால் மாற்றித் தருகிற கறண்டியும் அங்கேதான். முதல் தரம் பஸ்ஸில் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு போனார். இரண்டாம் தரம் கொண்டக்டர் முன் சீற்றில் இருந்த ஒரு பெடியனை எழுப்பி அதற்கு இடம் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் தரம் சிமியோன் ஏறினபோது, "அண்ணை, உங்கடை ஆளுக்குச் சுகமில்லையோ இன்னும்?" என்று விசாரித்தார். சிமியோனின் மாமியார் வீட்டாரில் பாதிப்பேர் அந்த வருடம் சாவகச்சேரி வழியில் இருக்கிற நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியிருக்கவில்லை. பற்றறி ஆறு தரம் தாண்டியது.

கடைக்காரர் ஒவ்வொரு தரமும் சோதித்துப் பார்த்து, "உது நல்ல பற்றறி" என்றார். மூன்றாந்தரம் சிமியோனின் முகத்தை ஒருக்காப் பார்த்துவிட்டு, புதிது ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். புதிதும் இரண்டாம் நாள் விடியச் செத்தது.

மற்றவர்களுக்கு இது ஒரு காரியமே இல்லை. பற்றறி செத்தால் கயிற்றை இழுத்து எஞ்சினை எழுப்பிக்கொண்டு போவார்கள். சிமியோனுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. போன மாரியில் வலது தோள்மூட்டு விலகி, ஒப்பரேசன் செய்த டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஐயா, மெல்ல மெல்ல எதையும் இழுக்கலாம். வெட்டி இழுத்தியள் எண்டால் கை உங்களோடை வீட்டை வராது, கயிற்றோடை போயிடும்." இடது கையோ பிறந்த நாள் தொட்டுத் தேத்தண்ணிக் கோப்பை பிடிப்பதைத் தவிர வேறெந்தத் தொழிலும் பழகாத கை. ஆகவே பொத்தானை அமத்தினால் எழும்புகிற இருபத்தைந்து குதிரை எஞ்சின் ஒன்றைப் பூட்டினார். பொத்தானுக்குப் பற்றறி வேண்டும். பற்றறி இல்லையென்றால் சிமியோன் கரையில்.

கரையில் என்றால் எவ்வளவு காலத்துக்கு என்பதை அவருடைய மனைவி பெர்னடெட் தீர்மானித்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, நான் சொல்லிப்போட்டன். வாற திங்கட்கிழமை விடிய உந்த எஞ்சின் பொத்தானிலை எழும்பேல்லை எண்டால் போட் தம்பியின்ரை கையிலை. நீங்கள் வாடிக் கொட்டிலிலை குந்தியிருந்து வலை பொத்துங்கோ. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் ஆத்திரத்திலை அந்தக் கயிற்றை இழுத்துப்போடுவியள். எனக்கு உங்களைத் தெரியும்."

அவளுக்கு அவரைத் தெரியும் என்பது உண்மை. இரண்டு தரம் அவர் கயிற்றில் கையை வைத்துவிட்டு எடுத்திருக்கிறார்.

தம்பி என்றால் ஜெரிசன். பெர்னடெட்டுக்கு ஒரே ஒரு தம்பி, ஓட்டோ ஓட்டுகிறவன், நாற்பது வயது. கடலோடு அவனுக்கு இருந்த பழக்கம் குளிப்பதும் உப்புச் சாப்பிடுவதும்தான். ஆனால் போட் கைக்கு வரும் என்று கேள்விப்பட்ட அன்றே கறுப்புக் கண்ணாடி ஒன்றும், கழுத்தில் கட்டுகிற நாடா வைத்த தொப்பி ஒன்றும் வாங்கிவிட்டான். இரண்டையும் போட்டுக்கொண்டு கரைக்கு வந்து, ஓடாத படகில் ஏறி, எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தான்.

"அத்தான், இருக்கிற பலகை கொஞ்சம் ஒடுக்கமாக் கிடக்கு. நான் அகட்டலாமோ?"

"முதலிலை உன்ரை வாயை ஒடுக்கு."

கொழும்புத்துறைக் கரையில் பற்றறியைப் பற்றித் தெரியாதவர் அந்தக் கிழமை ஒருவரும் இல்லை. ஒருவர் உப்புக்காற்று பற்றறியை நக்கும் என்றார். ஒருவர் அதற்குக் கீழே ரயர்த் துண்டு வைக்கச் சொன்னார். சிமியோன் வைத்தார். இன்னொருவர் வந்து ரயர்த் துண்டால்தான் கறண்ட் இறங்குகிறது, எடுக்கச் சொன்னார். எடுத்தார். றமேஸ் என்கிற நண்டு வியாபாரி மட்டும், தன் பெரியப்பாவின் வள்ளத்தில் மின்சார விலாங்கு ஒன்று குடியிருந்து பற்றறியில் பால் குடித்ததாகவும், கடைசியில் அது குடித்துக் குடித்து ஒளிவிடத் தொடங்கி, அதை வைத்தே மூன்று மாதம் இறால் பிடித்ததாகவும் சொன்னான். சிமியோன் அன்று பின்னேரம் ஒருவரும் பாராத நேரம் படகின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தார். விலாங்கு இல்லை. அதற்கும் அவருக்குக் கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை மருதனார்மடத்திலிருந்து குகதாசனைக் கூப்பிட்டார்கள். குகதாசன் உழவுமெசின், லொறி, ஓட்டோ எல்லாவற்றுக்கும் வயரிங் பார்க்கிறவர். கதைக்கிறது குறைவு. மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணியில் நடந்து படகில் ஏறினார். மீற்றரை எடுத்தார். அரை மணித்தியாலத்தில், அடித்தட்டுக்குக் கீழே தண்ணி இறைக்கிற மோட்டரின் வயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். தோல் வெடித்து, செம்பு முழுக்கப் பச்சை பிடித்து, உப்புத்தண்ணிக்குள் கிடந்தது.

"இதுதான் அண்ணை. ஒழுகுது."

வெட்டியெறிந்துவிட்டுப் புது வயர் போட்டார். வாடியிலிருந்து நீள வயர் இழுத்துப் பற்றறிக்குச் சார்ஜ் கொடுத்தார்கள். மீற்றரில் ஒழுக்கு நின்றுவிட்டது. சிமியோன் அன்றைக்குத்தான் பத்து நாளுக்குப் பிறகு வீட்டில் ஒருவரையும் ஏசாமல் சாப்பிட்டார்.

புதன் விடிய எஞ்சின் எழும்பவில்லை.

வியாழன் எழும்பவில்லை. வெள்ளி, சார்ஜ் கொடுத்துக் கொடுத்து வாடி மீற்றர்ப் பெட்டி சூடேறினதே தவிர, எஞ்சின் எழும்பவில்லை. பற்றறி ஒழுகின ஒழுக்கைப் பார்த்தால் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பாதிக்கு அந்நேரம் கறண்ட் ஏறியிருக்க வேண்டும். நண்டுகள் ஒன்றுக்கொன்று லைற் அடித்துக்கொண்டு திரிந்திருக்கலாம்.

"தம்பி, நீ என்னத்தைத் திருத்தினனீ?" என்று குகதாசனிடம் போனில் சத்தம் வைத்தார் சிமியோன்.

"அண்ணை, நான் பார்த்த ஒழுக்கு நிண்டது. இது வேறை ஒழுக்கு."

"ஒரு போட்டுக்கு எத்தினை ஒழுக்கடா?"

"சனி காலமை வாறன். அதுவரைக்கும் ஒண்டையும் தொடாதையுங்கோ. ஆரின்ரை கதையையும் கேளாதையுங்கோ."

சனி காலை குகதாசன் தன்னுடைய பற்றறி ஒன்றையும் கொண்டு வந்தார். உழவுமெசின் பற்றறி, சொந்தத் தம்பியை நம்பாத இடத்திலும் அதை நம்புவேன் என்றார். சிமியோனின் பற்றறியைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டுத் தன்னுடையதைப் பூட்டி, இடையில் மீற்றரைக் கொளுவினார்.

"எல்லாம் நூத்தாச்சோ அண்ணை? ஒரு சுயிற்சும் போட்டபடி இல்லையே?"

"எல்லாம் நூத்தாச்சு."

மீற்றர் மூன்றரை அம்பியர் காட்டியது.

குகதாசன் மீற்றரைத் தட்டிப் பார்த்தார். மூன்றரை. பியூஸ்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கினார். முன் லைற். மூன்றரை. றேடியோ. மூன்றரை. மீன்காட்டி. மூன்றரை. தண்ணி மோட்டர். மூன்றரை. எல்லாப் பியூஸும் கழன்று அவருடைய மடியில் கிடந்தன. மீற்றர் மூன்றரையிலேயே நின்றது.

"பெட்டிக்கு வராமல் நேரை எங்கையோ போகுது" என்றார். சொல்லிவிட்டு மீன்காட்டியைக் கழற்றினார். றேடியோவைக் கழற்றினார். ஹோர்னைக் கழற்றினார். கழற்றக் கழற்றச் சிமியோன் ஒவ்வொன்றாகக் கரைக்குக் கொண்டுபோய்ச் சாக்கில் அடுக்கினார். பத்து மணிக்குள் படகில் எஞ்சினும் பற்றறியும் சிமியோனும்தான் மிச்சம்.

"அண்ணை, கையிலை மணிக்கூடு கட்டியிருக்கிறியளோ?"

"ஏன்?"

"சும்மா கேட்டனான். கழட்டி வையுங்கோவன்."

சிமியோன் கழற்றி வைத்தார். வைத்துவிட்டு, தான் செய்தது எவ்வளவு விசர்த்தனம் என்று விளங்கினதும் எடுத்து மறுபடி கட்டினார். ஜெரிசன் கரையில் ஓட்டோவில் சாய்ந்து நின்று, கறுப்புக் கண்ணாடியோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. சிரிக்காமல் நின்றதுதான் சிமியோனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இனிப் பார்ப்பதற்கு இடமில்லை என்றான பிறகு குகதாசன் நிமிர்ந்து, படகின் முன்பக்கம் பார்த்தார். அணியத்தில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் பாலனைக் கையில் ஏந்தின புனித அந்தோனியார் சொரூபம். இரண்டு பக்கமும் இரண்டு சிவப்பு விளக்கு, கோயில் பீடத்து விளக்குப்போல, வெயிலுக்குள் அடக்கமாக எரிந்துகொண்டிருந்தன.

"அது?" என்றார் குகதாசன்.

"அது அந்தோனியார்" என்றார் சிமியோன்.

"ஓம் ஓம். அவரை விடுங்கோ."

குகதாசன் அந்தப் பக்கம் கைகூப்பினார். தெய்வ காரியங்களில் மீற்றர் வைப்பதில்லை என்று அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருதரம் ஒரு கோயில் சப்பறத்தில் பல்ப் மாற்றிக் கொடுத்தார். அடுத்த வருடம் ஊரில் மழை பிந்தினதற்கும், கோயில் தலைவர் பரமலிங்கத்தின் பசு கிடாரிக்குப் பதில் நாம்பன் கன்று போட்டதற்கும் அவரிடம்தான் விளக்கம் கேட்டார்கள். மற்றச் சமயத்தவரின் சாமி என்றால் அந்தக் கட்டுப்பாடு இரட்டிப்பு.

சிமியோனுக்கோ அந்த விளக்கு பற்றி ஒரு எண்ணமும் எழவில்லை. செவ்வாய் பின்னேரத்திலிருந்து அது அங்கே எரிகிறது. பெர்னடெட் செவ்வாய்ப் பூசைக்குப் போய்விட்டு வந்து வைப்பித்தது. ஒவ்வொரு விடியற்காலையும் அவர் அதற்கு முன்னால் நின்று, "அந்தோனியாரே, தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாறவரே, உந்தக் கள்ளனை ஒருக்காக் காட்டித்தாரும்" என்று மன்றாடினார். அது கறண்ட் குடிக்கும் என்று நினைப்பது, நிலவுக்கு எங்கே பியூஸ் இருக்கிறது என்று தேடுவது மாதிரி. ஒருவர் நினைப்பாரா?

பதினொரு மணிக்குப் பெர்னடெட் தேத்தண்ணிப் போத்தலோடு கரைக்கு வந்தாள். அந்நேரம் குகதாசன் மீற்றரின் ஊசியை மாற்றிப் பிடிப்பதற்காகப் பற்றறி வயரைக் கழற்றினார்.

"ஐயோ!" என்று கரையில் ஒரு சத்தம். போத்தல் மணலில் விழுந்தது. "ஆர் விளக்கை நூத்தது? ஆர் நூத்தது?"

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். அந்தோனியாரின் பெட்டி இருண்டு கிடந்தது.

குகதாசன் வயரை வைத்தார். அந்தோனியாருக்கு வெளிச்சம் வந்தது. வயரை எடுத்தார். போனது. வைத்தார். வந்தது. பிறகு கண்ணைச் சிமியோனின் முகத்துக்குக் கொண்டுபோகாமல், கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணை, நான் கேட்டனான். நீங்கள்தான் அந்தோனியார் எண்டு சொன்னியள்."

"அந்தோனியாரை அந்தோனியார் எண்டு சொல்லாமல் வேறை என்னெண்டு சொல்லுறது? நீதான் அவரை விடுங்கோ எண்டனீ!"

"விடத்தான் சொன்னன். எரியவிடச் சொல்லேல்லை."

சிமியோன் படகின் அடித்தட்டைப் பிடுங்கினார். ஓரப் பலகைக்குக் கீழே, நைலோன் கயிற்றால் சாணுக்குச் சாண் அழகாகக் கட்டி, இரட்டை வயர் ஒன்று அணியத்திலிருந்து பின்னுக்கு வந்தது. வந்து எஞ்சினுக்குப் போகிற தடித்த வயரின் வயிற்றைக் கீறி, அதற்குள் புகுந்து, மேலே கறுத்த ரேப் போட்டு மூடியிருந்தது. சுயிற்ச் இல்லை. பியூஸ் இல்லை. இவ்வளவு ஒழுங்கான வேலையை அவர் அந்தப் படகில் அதற்கு முன் கண்டதில்லை.

"ஜெரிசன்!"

ஜெரிசன் கண்ணாடியைக் கழற்றினான்.

"ஓட்டோவின்ரை பழைய பிரேக் லைற் ரண்டு அத்தான். நல்ல லைற். அக்கா சொன்னவ, நேர்த்தி விளக்கெண்டால் நூக்கிற மாதிரி இருக்கக் கூடாது, சுயிற்ச் வைக்காதை எண்டு. அதுதான் நேரை குடுத்தனான்."

"உனக்குப் போட் வேணும் எண்டு செய்தனீயடா!"

"சத்தியமா இல்லை அத்தான். பிரேக் லைற் இவ்வளவு தின்னும் எண்டு எனக்கென்ன தெரியும்? ஓட்டோவிலை நான் பிரேக் பிடிக்கிறது குறைவு."

அது உண்மை என்று கரையில் நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அவனை ஏசாதையுங்கோ" என்று தண்ணிக்குள் இறங்கி வந்தாள் பெர்னடெட். "நான்தான் அந்தோனியாருக்கு நேந்தனான். பற்றறியைக் களவெடுக்கிறது என்னெண்டு பிடிபடும்வரைக்கும் உம்மடை விளக்கு இரவும் பகலும் நூராது எண்டு. அது பிடிபடாமல் இப்ப நூத்துப்போட்டியள்."

"பிடிபட்டிட்டுது அக்கா" என்றார் குகதாசன். "அந்த விளக்குத்தான்."

பெர்னடெட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தோனியார் கள்ளனோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப ஆர் கள்ளன்?"

குகதாசன் மீற்றரைச் சுற்றிப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். சிமியோனுக்கு மண்டைக்குள் இரத்தம் ஏறி, காது இரண்டும் சுட்டது. கள்ளன் பிடிபட்டால்தான் விளக்கை நூர்க்கலாம். விளக்கு நூர்ந்தால்தான் பற்றறி நிற்கும். பெர்னடெட் விளக்கைக் கள்ளன் என்று ஒப்புக்கொள்ளாவிட்டால் அது அடுத்த பெருநாள்வரை எரியும். திங்கட்கிழமை எஞ்சின் எழும்பாது. ஜெரிசன் தொப்பி நாடாவைக் கட்டிக்கொண்டு போவான். தோள் ஒப்பரேசனைத் தாங்கின மனிதனுக்கு இதைத் தாங்க முடியவில்லை.

"எடியே," என்றார், தன்னால் முடிந்த அளவு மெதுவாக. அந்த மெதுவு அடுத்த ஊரான பாசையூரில் கேட்டிருக்கும். "நீ அவரிட்டை என்ன கேட்டனீ? காட்டித்தரச் சொல்லித்தானே? அவர் காட்டித் தந்திட்டார். ஆரை வைச்சுக் காட்டினவர்? உன்னை வைச்சு. படிச்ச மனிசன் மீற்றரோடை நிண்டு கண்டுபிடிக்கேல்லை, நீ வந்து ஒரு சத்தம் வைச்சாய், கண்டுபிடிபட்டுது. இனி அவர் என்னத்தைச் செய்ய வேணும்? இறங்கி வந்து வயரைக் கழட்டவோ?"

பெர்னடெட் யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. அந்தோனியார் தன்னுடைய வாயை உபயோகித்தார் என்கிற விசயம் அவளுக்குப் பிடித்துவிட்டது. நெற்றியில் சிலுவை போட்டாள்.

"அவர் தன்ரை பெயரைக் கெடுத்தெண்டாலும் எனக்குக் காட்டித் தந்திருக்கிறார். எவ்வளவு பெரிய மனசு. சரி, கழட்டுங்கோ."

குகதாசன் காலில் செருப்பு இல்லாதிருந்தும், சாமி காரியம் என்று ஒருதரம் காலைக் கடலில் கழுவிக்கொண்டு வந்து விளக்கு வயரை வெட்டி, மீற்றரை மறுபடி கொளுவினார். மீற்றர் பூச்சியம் காட்டியது. அரை மணித்தியாலம் பூச்சியமே காட்டியது. சிமியோன் அந்த அரை மணித்தியாலமும் மீற்றரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப நேர்த்தியிலை மற்றதையும் சொல்லிப்போடுறன்," என்றாள் பெர்னடெட், போத்தலில் மிஞ்சின தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு. "பிடிபட்டால் முதல்நாள் வலையிலை படுற பாடு முழுக்கக் கோயிலுக்கு எண்டு நேந்தனான். ஒரு நண்டு வீட்டை வரக் கூடாது."

சிமியோன் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். இரண்டு கிழமையாகக் கடல் காணாத படகு. நீரேரியில் நண்டும் அந்த மாதம் கண்ணுக்குத் தெரியாத காலம். இருபது துண்டு வலைக்கு ஏழு எட்டு நண்டு வந்தால் பெரிது. போகட்டும்.

ஞாயிறு பூசை முடிந்து றமேசின் படகில் போய் வலை விட்டார்கள். ஜெரிசனும் தொத்திக்கொண்டு போய் உதவினான். சார்ஜ் ஏற்றின சிமியோனின் பற்றறி, திங்கள் சோதனைக்காக அவருடைய படகிலேயே பூட்டினபடி இருந்தது.

திங்கள் விடியப் பெர்னடெட் கரையில் நின்றாள். ஜெரிசன் நின்றான். சிமியோன் பொத்தானை அமத்தினார். எஞ்சின் முதல் அமத்தலிலேயே, தூக்கத்தில் கிள்ளுப்பட்ட ஆள் மாதிரி எழும்பியது. ஜெரிசன் தொப்பியைக் கழற்றி, மடித்து, ஓட்டோவின் சீற்றுக்கடியில் வைத்தான். சிமியோன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகத்தில் இருந்தது தெரிந்துவிடும்.

முதல் துண்டு வலையை மெல்ல மெல்ல இழுத்தார். பதினான்கு நண்டு.

இரண்டாவதில் இருபத்தொன்று. எல்லாம் கையகல நீலக்கால் நண்டு. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, வலையில் இடமில்லாதவை இடம் கிடைத்தவற்றின் காலில் தொங்கிக்கொண்டு வந்தன. ஐந்தாவது துண்டில் பெட்டி நிறைந்தது. எட்டாவதில் சாக்கு நிறைந்தது. பன்னிரண்டாவதில் அவர் இருக்கிற பலகைக்குமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருடத் தொழிலில் இப்படி ஒரு பாடு அவர் கண்டதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினார். நண்டுகள் தங்களைத்தான் ஏசுகிறார் என்று நினைத்து நுரை தள்ளின.

பதினான்காவது துண்டோடு நிறுத்தினார்.

மிச்சம் ஆறு துண்டு தண்ணிக்குள் கிடக்கட்டும். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. நாளைக்கு எடுத்தால் நாளைப் பாடு. முதல்நாள் பாடு என்று நேர்ந்தால் முதல்நாள் பாடு மட்டும்தான். இதில் பிழை ஒன்றும் இல்லை என்று அவர் இரண்டு தரம் தனக்குள் சொன்னார். மிச்ச வலையின் மிதவையைத் தண்ணியில் விட்டுவிட்டு வந்து பொத்தானை அமத்தினார்.

ஒரு சத்தமும் இல்லை.

இன்னொருதரம் அமத்தினார். இல்லை. பற்றறிக் கொம்புகளில் கொளுவின வயரைத் திருகிப் பார்த்தார், இறுக்கம். பியூஸைப் பார்த்தார், நல்லது. மோட்டர் வயர் நல்லது. பெட்டி விளக்கு வயர் வெட்டினபடி கிடந்தது. கயிற்றைப் பார்த்தார். தோளைத் தடவினார். அணியப் பக்கம் பாராமல் இருக்கக் கொஞ்ச நேரம் முயற்சி செய்தார். பிறகு பார்த்தார். அந்தோனியார் வெளிச்சமில்லாத பெட்டிக்குள், பாலனை ஏந்தினபடி, அவசரம் ஒன்றும் இல்லாதவராக நின்றார்.

"சரி," என்றார் சிமியோன். "சரி, சரி, சரி!"

தடியை ஊன்றிப் படகைத் திருப்பி, ஆறு துண்டையும் எடுத்தார். நூற்றி முப்பது நண்டு வந்தது. வேணுமென்றே ஒன்றும் கழற்றி விடவில்லை. பொத்தானை அமத்தினார். எஞ்சின் உடனே எழும்பியது.

கரையில் பெர்னடெட் கோயில் சாக்குகளோடு நின்றாள். படகு ஓரப் பலகை தண்ணி தொடத் தொட வந்தது.

"எல்லா வலையும் எடுத்தாச்சோ?"

"எடுத்தாச்சு."

"ஒண்டும் விடேல்லையே?"

"அவர் விட விட்டால்தானே."

"என்ன சொன்னனீங்கள்?"

"சாக்கை எறி எண்டனான்" என்றார் சிமியோன்.